"முழுசா ரீகண்டிஷன் பண்ணது"ன்னு நம்பி 28,000 போச்சு: பழைய செயின்சா வாங்குறவங்க தயவுசெஞ்சு படிங்க

காலையில போனைத் திறந்தா அதே வீடியோ. அதே பழைய இரும்பு டிரம், அது மேல அதே செயின்சா (மரம் அறுக்குற மெஷின்), அதே நீலப் புகை. விக்கிறவர் பேர் மட்டும் வேற. மூணு வாரத்துக்கு முன்னாடி இந்த வீடியோவைப் பார்த்துத்தான் நான் 28,000 கட்டினேன். அதான் கையில இருந்த வேலையைப் போட்டுட்டு எழுதுறேன். எப்படி ஏமாந்தேன், வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமாச் சொல்றேன்.

தளத்தோட பேர் சொல்லல. ஆளுக்கு ஆள் பழைய பொருள் வித்துக்கிற தளம், அவ்வளவுதான். பேர் போட்டா நாளைக்கு எனக்கே நோட்டீஸ் வரும்.

நான் புதுசா இதுல இறங்கினவன் இல்ல, அதுதான் இன்னும் எரியுது. பழைய செயின்சாவைப் பிரிச்சு மேயறது எனக்குப் பத்து வருஷத்துக்கு மேலான பைத்தியம். எங்களை மாதிரி அஞ்சாறு பேர் இருக்கோம். லீவு நாள்ல ஒருத்தர் ஷெட்டுல கூடுவோம். ஒருத்தர் கார்புரேட்டரைக் கழுவுவார், இன்னொருத்தர் பாயிண்ட்டை (பிளக்குக்கு கரண்டை விட்டுவிட்டுத் தர்ற சின்ன சுவிட்ச்) உப்புத்தாள்ல தேய்ப்பார், மூணாவது ஆள் சும்மா உட்கார்ந்து குறை சொல்லுவார். முப்பது வருஷம் மூலையில கிடந்த மெஷின் ஏழாவது இழுப்புல ஒரு தடவை இருமும் பாருங்க, அந்த ஒரு இருமலுக்காக மாசக்கணக்கா உழைச்சிருப்போம். அப்புறம் ஒரு பெரிய கட்டையைப் போட்டு ஆளாளுக்கு ஒரு துண்டு அறுப்போம். விறகு யாருக்கும் வேண்டாம். அறுக்கணும், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்ப நாளா ஸ்டீல் (Stihl) கம்பெனியோட கான்ட்ரா மேல கண்ணு. 1959ல வந்த மாடல். கியர் பெட்டி கிடையாது, கிராங்க் சுத்துற வேகத்துலயே செயின் ஓடும். 106 சிசி, ஆறு குதிரைத்திறன், பன்னெண்டு கிலோ. அமெரிக்காவுல இதையே லைட்னிங்னு பேர் வச்சு வித்தாங்க. செயின் பிரேக் கிடையாது, அதிர்வைத் தாங்குற ரப்பரும் கிடையாது. பத்து நிமிஷம் ஓட்டினா அரை மணி நேரம் விரல் மரத்துக் கிடக்கும். அந்தச் சத்தத்துக்கு இதெல்லாம் பரவாயில்லன்னு சொல்ற கூட்டம் நாங்க.

அப்படி இருக்கிறப்ப இந்த விளம்பரம். "முழுசா ரீகண்டிஷன் பண்ணது. எல்லா சீலும் புதுசு. ரன்னிங் கண்டிஷன்." கூடவே அந்த வீடியோ. டிரம் மேல மெஷின் நின்னு தட்டு தட்டுன்னு ஐடிலிங்ல ஓடுது. மேல் மூடியில ஒரு சின்ன நசுங்கல். பழைய மெஷின்னா அப்படித்தான் இருக்கும், அதுவே எனக்கு அழகாத் தெரிஞ்சுது.

போன் பண்ணினேன். இந்த இடத்துலதான் நான் விழுந்தேன். எடுத்ததுமே விலை பேசுவார்னு பார்த்தா, அவர் என்னைத்தான் கேள்வி கேட்டார்.

"சார், நீங்க பெட்ரோல்ல ஆயில் எப்படிக் கலக்குறீங்க? இருபத்தஞ்சுக்கு ஒண்ணா, ஐம்பதுக்கு ஒண்ணா?"

"இந்த மெஷினுக்கு இருபத்தஞ்சுதாங்க."

"அப்பாடா. போன வாரம் ஒருத்தர் ஐம்பதுன்னார் சார், நான் கொடுக்க மாட்டேன்னுட்டேன். எங்க அப்பா கையால ஓட்டின மெஷின். தெரிஞ்சவங்க கைக்குத்தான் போகணும்."

உருகிட்டேன். வேற வார்த்தை இல்ல. மேக்னெட் பக்க சீல், கிளட்ச் பக்க சீல்னு (கிராங்க் ரெண்டு முனையிலயும் காத்து உள்ள போகாமத் தடுக்குற ரப்பர் வளையம்) தனித்தனியாச் சொன்னார். கார்புரேட்டர் டயாஃப்ரம் விறைச்சுப் போயிருந்துச்சு, மாத்திட்டேன்னார். பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லி வச்சிருக்கேன்னார். ஏமாத்துறவன் இதையெல்லாம் பேசுவானா? பிஸ்டன் போட்டோ கேட்டேன். பத்து நிமிஷத்துல வந்துச்சு. கண்ணாடி மாதிரி, ஒரு கீறல் இல்ல.

அதை எங்க குழுவுல மூத்தவருக்கு அனுப்பினேன். அவர் பார்த்துட்டு ஒரே ஒரு வரி எழுதினார்: "தம்பி, இது எந்தப் பக்கம்?" நான் அதுக்குப் பதிலே போடல. போட்டோவுல பிஸ்டன் சுத்தமா இருக்கு, இவருக்கு எதையாவது நோண்டணும்னு நினைச்சுக்கிட்டேன். அண்ணே, மன்னிச்சுக்கங்க.

28,000. தளம் வழியாத்தான் கட்டினேன், அதுல நான் தப்புப் பண்ணல. பணத்தைத் தளமே பிடிச்சு வச்சிருக்கும். பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள்ள புகார் சொல்லலேன்னா விக்கிறவருக்குப் போயிடும். பாதுகாப்பான ஏற்பாடுன்னு நெனச்சேன்.

பெட்டி வந்துச்சு. திறந்ததும் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைச்சுது. மேல் மூடியில நசுங்கல் இல்ல. போன் பண்ணிக் கேட்டா, "தட்டி எடுத்துட்டேன் சார், உங்களுக்குன்னு." அதுக்கும் நன்றி சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

நாலாவது இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு. நிறைய நீலப் புகை. ஆறேழு நிமிஷம் ராஜா மாதிரி ஓடுச்சு. மூணாவது துண்டு அறுக்கும்போது, நான் விரலை எடுத்த பிறகும் வேகம் தானா ஏறுது. ஏறி, பட்டுன்னு நின்னுடுச்சு. சூடா இருக்கிறப்ப கயிறை இழுத்தா கையில பிடிமானமே இல்ல, வெத்துக் கயிறு மாதிரி வருது. ஆற விட்டா மறுபடி ஸ்டார்ட். சூடானா செத்துடும்.

"பழைய மெஷின் சார், கைக்குப் பழகணும்" அப்படின்னார் முதல் நாள்.

ரெண்டாவது நாள்: "நீங்க கலவையைச் சரியாத்தான் போட்டீங்களா?" என்னைப் பார்த்து! இருபத்தஞ்சுக்கு ஒண்ணுன்னு பரிட்சை வச்சுப் பாஸ் போட்ட ஆளு!

மூணாவது நாள் பேச்சு மாறிடுச்சு. தேனா ஒழுகுச்சு. "ஒரு சீல் தப்பா உட்கார்ந்திருக்கலாம் சார், என் தப்புதான். புது சீல் கிட் அனுப்புறேன், நாலு நாள்ல வந்துடும். அதுவரைக்கும் பிரிச்சுடாதீங்க. பிரிச்சா அப்புறம் யார் என்ன பண்ணாங்கன்னு தெரியாது இல்ல?"

நியாயமாத்தானே இருக்குன்னு காத்திருந்தேன். நாலும் மூணும் ஏழு. இந்தக் கணக்கு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. கிட் வரல. எட்டாம் நாள் காலையில தளத்துலேருந்து செய்தி வருது, "உங்கள் பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது"ன்னு. பக்கத்துல ஒரு பட்டாசு படம் வேற. அன்னிக்கு மத்தியானத்துலேருந்து அவன் போன் போகல. இனிமே அவர் இவர் எல்லாம் கிடையாது, அவன்தான்.

சாயங்காலம் சைலன்சரைக் கழட்டினேன். சில போல்ட்டு, அஞ்சு நிமிஷ வேலை. அந்த அஞ்சு நிமிஷத்தை முதல் நாளே செஞ்சிருக்கணும். ஓட்டை வழியா டார்ச் அடிச்சா, பிஸ்டன் மேல மேலிருந்து கீழ வரைக்கும் சீப்பால சீவின மாதிரி கோடு. நகத்தை வச்சு இழுத்தா ஒவ்வொண்ணுலயும் தட்டுது. அப்பத்தான் அண்ணன் கேட்டது உறைச்சுது. எந்தப் பக்கம்! காத்துக் கசிஞ்சு, கலவையில பெட்ரோலும் ஆயிலும் குறைஞ்சு, பிஸ்டன் சூட்டுல இறுகிப் பிடிச்ச மெஷின்ல முதல்ல அடிவாங்குறது சைலன்சர் பக்கம். அங்கதான் சூடு அதிகம். இந்த ஆளு கார்புரேட்டரைக் கழட்டிட்டு அந்தப் பக்க ஓட்டை வழியா போட்டோ எடுத்திருக்கான். பின்பக்கம் கண்ணாடி, முன்பக்கம் கலப்பை ஓடின வயல்.

சிலிண்டர்ல அலுமினியம் மட்டும் ஒட்டியிருந்தா ஆசிட் தொட்டு எடுத்துடலாம், நாங்களே பல தடவை எடுத்திருக்கோம். இதுல கிரோம் பூச்சே உரிஞ்சு கிடக்கு. அதுக்கு வைத்தியம் இல்ல, சிலிண்டரையே மாத்தணும்.

கிளட்ச்சைக் கழட்டினேன். "புது சீல்" மேல பெயின்ட். ரப்பர் உதட்டு மேலயே பெயின்ட். கழட்டாமலே ஸ்ப்ரே அடிச்சிருக்கான். நகத்தால கீறினா ரப்பர் பொடிப்பொடியா உதிருது. அந்த வழியா காத்து உள்ள போய்த்தான் வேகம் தானா ஏறியிருக்கு. பெட்ரோல் நனைச்ச துணியால பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) மாட்டுற போல்ட்டுக்குப் பக்கத்துல துடைச்சேன், பெயின்ட் வழுக்கிக்கிட்டு வந்துச்சு. கீழ சாம்பல் நிறத்துல எபாக்ஸி பசை. பசைக்குக் கீழ மெக்னீசியம் பாடியில விரல் நீளத்துக்கு விரிசல். அப்புறம் நான் எதையும் கழட்டல. உட்கார்ந்துட்டேன்.

அந்த நீலப் புகைக்கும் காரணம் புரிஞ்சுது. பிளக் ஓட்டை வழியா ஆயிலை ஊத்தியிருக்கான். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல ஆயில் அடைச்சுக்கிட்டா கொஞ்ச நேரம் கம்ப்ரஷன் (உள்ள இருக்கிற அழுத்தம்) கூடும். ஆயில் எரிஞ்சு தீர்ற வரைக்கும் மெஷின் ஓடும். ஆறேழு நிமிஷம்.

அப்புறம் தளத்துக்காரங்க. முதல்ல ஒரு இயந்திரம் பேசுச்சு, "உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு. அப்புறம் ஒரு பொண்ணு, விக்கிறவரோட பேசுங்க சார்னாங்க. அவன் போனை எடுக்கலங்கிறதுதாம்மா என் புகாரே. போட்டோ அனுப்புங்கன்னாங்க. பதினாலு போட்டோ அனுப்பினேன், கோட்டுல நகம் தட்டுற வீடியோவோட. ரெண்டு நாள் கழிச்சுப் பதில்: "பொருள் விளம்பரத்தில் உள்ளபடியே பெறப்பட்டுள்ளது." செயின்சா கேட்டேன், செயின்சா வந்துச்சு, அதான் அவங்க சொல்றது. மறுபடி எழுதினேன். ஏழு நாள் தாண்டிடுச்சாம். அந்த ஏழு நாள் எப்படிப் போச்சுன்னு சீல் கிட் கதையைச் சொன்னா, "அந்தப் பேச்சு எங்கள் செயலிக்கு வெளியே போனில் நடந்ததால் பரிசீலிக்க இயலாது." மூணாவது தடவை எழுதினதுக்குப் பதிலா, சேவை எப்படி இருந்ததுன்னு நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு இணைப்பு வந்துச்சு. 28,000த்தை வாயில போட்டுக்கிட்டு நட்சத்திரம் கேக்குறாங்க.

ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்து பார்த்தார். திட்டுவார்னு எதிர்பார்த்தேன். பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "58 மில்லி பிஸ்டன், தேடினா கிடைக்கும். பாடிக்கு என்ன பண்ணப் போறே?"ன்னார். பதில் சொல்லல. இந்தத் தடவை நிஜமாவே பதில் இல்ல. விரிசல் விட்ட பாடியில மாட்டின பாரை நம்பி அந்த செயினை யார் சுத்த விடுவா? உதிரிக்குப் பிரிச்சா கால்வாசி தேறும்னாங்க மத்தவங்க. 28,000த்துல கால்வாசி.

பணம் போனதைக் கூட ஒரு நாள் மறந்துடுவேன். எங்க ஷெட்டுல நாங்க பேசுற பேச்சையே எடுத்து என்கிட்ட வித்திருக்கான், அது ஆறல. அந்த அப்பா கதை... சரி விடுங்க.

விவரமாச் சொல்றேன்னேன், இப்ப அதுக்குத் தெம்பில்ல. சுருக்கமா:

பிஸ்டன் போட்டோ கேட்டா சைலன்சரைக் கழட்டி அந்தப் பக்கத்துலேருந்து கேளுங்க. சைலன்சர் போல்ட்டும் அதே போட்டோவுல தெரியணும்.

வீடியோவுல இன்னிக்குத் தேதியைப் பேப்பர்ல எழுதி மெஷின் மேல வைக்கச் சொல்லுங்க. நல்லா அறுத்துச் சூடானதும் மெஷினை நிறுத்தி, வீடியோவை நடுவுல வெட்டாம மறுபடி ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. குளிர்ச்சியா இருக்கிறப்ப எந்தக் குப்பையும் ஸ்டார்ட் ஆகும்.

புதுப் பெயின்ட் அடிச்ச மெஷினை வாங்காதீங்க. அழுக்கோட இருக்கிறதை வாங்குங்க.

போன்ல பேசாதீங்க, எல்லாம் அந்தச் செயலிக்குள்ளயே எழுதுங்க. கிட் வரும், பொறுங்கன்னு சொன்னா அன்னிக்கே புகாரைப் போட்டுடுங்க. முதல் நாளே பிரிங்க, பிரிக்காதேன்னு சொன்னா கண்டிப்பாப் பிரிங்க.

இன்னும் இருக்கு, அப்புறம் எழுதுறேன். அந்தப் புது விளம்பரத்துக்குக் கீழ ஒருத்தர் இப்பத்தான் "இன்னும் இருக்கா?"ன்னு கேட்டிருக்கார். முதல்ல அவருக்கு ஒரு செய்தி அனுப்பிட்டு வர்றேன்.