பாளையங்கோட்டையில் வாங்கிய டியூபுலர் பேட்டரிகள்: மூன்றாண்டு அனுபவம்
அம்பாசமுத்திரம் அருகே உள்ள எங்கள் அரிசி ஆலையின் அலுவலகத்திற்கும் எடைமேடைக்கும் சோலார் மின்சாரத்தைச் சேமிக்க, 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணித் திறனுள்ள நான்கு டியூபுலர் பேட்டரிகளை (குழாய் வடிவத் தகடுகள் கொண்ட ஈய-அமில வகை) பாளையங்கோட்டைக் கடை ஒன்றில் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விலையைச் சொல்லும் முன் கடைக்காரர் எங்கள் மின்சுமையைக் கணக்கிட்டதும், பேட்டரியில் பொறித்திருக்கும் திறன் பத்து மணி நேரத்தில் மின்சாரத்தை எடுக்கும் கணக்கா, இருபது மணி நேரத்தில் எடுக்கும் கணக்கா என்று பார்த்து வாங்கச் சொன்னதும் எனக்குப் பிடித்தன. இரண்டாவது வகை, மின்சாரத்தை வேகமாக எடுக்கும்போது எழுதியதைவிடக் குறைவாகவே தரும். நான்கையும் தொடராக இணைத்தால் 48 வோல்ட், ஏட்டளவில் 7.2 யூனிட், பாதிக்கு மேல் மின்சாரத்தை எடுக்காமலிருப்பது ஆயுளுக்கு நல்லதென்பதால் 3.6 யூனிட்டையே நம்புகிறோம்.

பராமரிப்புதான் குறை. வருவதாகச் சொன்ன ஆள் இருமுறை வந்ததோடு சரி. இப்போது நாங்களே நீர்மட்டத்தைக் காட்டும் மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோம் (தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் பேட்டரிக்கு ஆகாது). 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்திற்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதை அறிந்த பின்னர், சித்திரை வெயிலில் கொதித்த தகரக் கொட்டகையிலிருந்து காற்றோட்டமான ஓட்டு அறைக்கு அவற்றை மாற்றினோம். நிறுவிய அன்றே கடைக்காரர்கள் சொல்லியிருக்க வேண்டியது அது. மறுமுறையும் அங்கேயே வாங்குவேன், ஆனால் பராமரிப்பு வாக்கை எழுத்தில் பெற்றுக்கொண்டுதான்.