வேருக்குப் போட்ட உர மாத்திரை: ஆறு மாதம் கழித்து

என் மீன் தொட்டி 60 லிட்டர். அடியில் வெறும் சிலிக்கா மணல். செடிக்குச் சத்து என்று அதில் ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரு அமேசான் ஸ்வார்ட், முன்னால் கிரிப்டோகொரைன் மூன்று, மரக்கட்டையில் கட்டிவிட்ட அனுபியாஸ்; எல்லாம் தண்ணீருக்குள் வளரும் செடிகள். ஸ்வார்ட் வந்த மூன்றாம் மாதம் புது இலைகள் எல்லாம் வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பழைய இலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. இரும்புச் சத்து போதாதபோது இப்படித்தான் ஆகும்; பழைய இலையில் இருக்கும் இரும்பைச் செடியால் குருத்துக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. தண்ணீரில் ஊற்றும் உரத்தை ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். செடி அப்படியே இருந்தது, கண்ணாடியில்தான் பாசி ஏறியது. சரி, ஸ்வார்ட் வேரால் சாப்பிடுகிற செடி, வேருக்கே கொடுப்போம் என்று இந்த மாத்திரையை வாங்கினேன்.

சுண்டுவிரல் நகம் அளவு, செம்மண் நிறம், களிமண்ணில் பிடித்தது. நீண்ட இடுக்கியால் பிடித்து, தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, மணலின் அடிவரை அழுத்த வேண்டும். தயங்கித் தயங்கி அழுத்தினால் பாதியிலேயே கரைந்து உதிர்கிறது. ஒரே மூச்சில் இறக்கி, குழியை மணலால் மூடிவிட வேண்டும். ஸ்வார்ட்டுக்கு இரண்டு, கிரிப்டோகொரைனுக்கு ஆளுக்கொன்று வைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு குருத்து வந்தது. சுருட்டிய காகிதம் போல, நுனியில் லேசான செம்பழுப்பு. தினமும் காலையில் விளக்குப் போட்டதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஐந்தாம் நாள் விரிந்தபோது இலை முழுக்கப் பச்சை! அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஏற்கனவே வெளிறிய இலைகள் மட்டும் தேறவில்லை, அவற்றை அடியோடு வெட்டிவிட்டேன். கிரிப்டோகொரைன் எப்போதும் நிதானம்தான். இரண்டு மாதம் கழித்து மணலுக்குள்ளிருந்து இரண்டு பக்கக் கன்றுகள் தலைகாட்டின.

குறை உண்டு. எந்தச் செடிக்கு இது பயன்படாது என்று பெட்டியில் ஒரு வரி இல்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி கட்டையில் ஒட்டி வளர்பவை மணலில் வேர் விடாது. அவற்றுக்கு இது வீண். மாத்திரை வைத்த இடத்தைக் கிளறக் கூடாது என்ற எச்சரிக்கையும் இல்லை. நான் ஒரு கிரிப்டோகொரைனை இடம் மாற்றப் பிடுங்கினேன், பாதி கரைந்த மாத்திரை வேரோடு மேலே வந்து தண்ணீர் கலங்கிவிட்டது. மீனுக்கு விஷமான அம்மோனியா தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய நிறம் பச்சைக்குச் சாய்ந்ததும் பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றினேன், மறுநாளும் மாற்றினேன். மீன்கள் பிழைத்தன. இப்போது செடியை நகர்த்த வேண்டுமென்றால், முதலில் சிறு குழாயால் அந்த இடத்துச் சேற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிது வைக்கிறேன். இரண்டாவது பெட்டியும் வாங்கியாயிற்று. இறால் வளர்க்கும் சின்னத் தொட்டியில் மட்டும் இதைப் போடவில்லை. தாமிரம் இறாலுக்கு ஆகாது, இதில் அது எவ்வளவு என்று பெட்டியில் அச்சிடவில்லை. அதை அச்சிட்டால் அங்கேயும் வைப்பேன்.