சிறிய ரிவால்வருக்கு எந்தப் பிடி பொருந்தும்?

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-இல் வெளியிட்ட ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ ஐந்து தோட்டாக்களே கொள்ளும் சிறிய ரிவால்வர். இன்று ஜே-ஃபிரேம் எனப்படும் வரிசை அதிலிருந்தே தொடங்கியது. அவ்வரிசையில் அலுமினிய உலோகக்கலவைச் சட்டம் (துப்பாக்கியின் உடற்பகுதி) கொண்ட 642 மாதிரி ஏறத்தாழ 410 கிராம்தான் எடையுள்ளது. ஆனால் அதன் விசையை இழுத்துச் சுடுவதற்கு ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தம் வேண்டும். தன் எடையைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தத்தைத் தாங்கும் ஒரு பொருள் அசையாமல் இருக்க வேண்டுமென்றால், பின்னுதையைத் தாங்குவதற்கு முன்பே, சொந்தச் சுட்டுவிரலின் இழுப்பை எதிர்த்து நிற்பதற்குத்தான் பிடி தேவைப்படுகிறது.

பிஸ்டலில், அதாவது சுழலும் உருளை இல்லாத கைத்துப்பாக்கியில், பழகியவர்கள் இரு கட்டைவிரல்களையும் குழலை நோக்கி நீட்டிவைப்பார்கள். பிஸ்டலுக்கு அது மிக நல்ல பிடி. ரிவால்வரிலோ தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் வழியே சூடான வாயுவும் ஈயத்துகளும் பக்கவாட்டில் பீறிடும். ஜே-ஃபிரேமின் சட்டம் குட்டையானது என்பதால், நீட்டிய இடது கட்டைவிரல் எளிதாக அந்த இடைவெளிக்கு அருகே போய்விடும். உருளையில் உரசினால் அது சுழல்வதும் தடைப்படும். ஆகவே இந்தத் துப்பாக்கிக்கு இப்பிடியை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இடது கட்டைவிரலை வலக்கையின் பின்புறமாகக் குறுக்கே போடுவது இன்னொரு முறை. ரிவால்வரில் அதனால் காயம் நேராது என்றாலும், சுத்தியல் (தோட்டாவை வெடிக்கச் செய்ய முன்னோக்கி அடிக்கும் பாகம்) வெளியே தெரியும் மாதிரிகளில் அதன் அசைவுக்கு விரல் இடையூறாகும்.

எனக்குச் சரியாகப் படுவது மூன்றாவது பிடி. வலது கட்டைவிரலை நடுவிரலைத் தொடும் அளவுக்குக் கீழே மடக்கி, அதன் நகத்தின்மேல் இடது கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். கையைப் பின்புறத்தில் இயன்ற அளவு மேலே ஏற்றிப் பிடித்தால் துப்பாக்கி மேல்நோக்கி எகிறுவது குறையும். சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும் 642-இல் கையை இன்னும் உயரமாக வைக்கலாம்.

கைப்பிடிக் கட்டையிலும் இரு வகை உண்டு. சிறிய மரக்கட்டை சட்டைப்பைத் துணியில் சிக்காமல் வெளியே வரும். ஆனால் அதில் இரண்டு விரல்களுக்கே இடம் இருக்கும். மூன்று விரல்களும் அமரும் ரப்பர் கட்டை உதையை உறிஞ்சும். பழகத் தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது. மரக்கட்டையைத் தேர்ந்தால் சுண்டுவிரலை அடிப்பகுதிக்குக் கீழே இறுக்கமாக மடக்கிவைக்க வேண்டும். வெறுமனே தொங்கவிட்டால், விசையை இழுக்கும்போது அதுவும் சேர்ந்து சுருங்கிக் குறியைத் தாழ்த்திவிடும்.