நாலு கம்ப்யூட்டருக்கு ஒரே கீபோர்டு: கேவிஎம் பெட்டியோடு நாலு வருஷம்

போன வாரம் ராயப்பேட்டையில் பிரஸ் வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார். ரிச்சி தெருவில் எட்டு போர்ட் கேவிஎம் பெட்டி, அதாவது பல கம்ப்யூட்டரை ஒரே கீபோர்டு, மானிட்டர், மவுஸால் மாற்றி மாற்றிப் பார்க்க வைக்கும் பெட்டி ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதாம். என்னிடம் இருக்கும் அதே மாடல். "அண்ணே, நீங்க நாலு வருஷமா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" என்று கேட்டார். கையில் வேலை இருந்ததால் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதில் அப்போதிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணியில், பாரதி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் என் டிடிபி கடை. மேசையின் அகலம் நாலடிதான். அதில் நாலு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். டிசைனுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேருக்கு ஒன்று. நாலாவது, பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் அதைத் தூக்கிப் போட முடியாது. இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் ஆண்டு மலர்களும் யுனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரின் ஃபைல்களாக அதற்குள்தான் இருக்கின்றன. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு என்னிடம் அடித்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, எண்பதாம் கல்யாணத்துக்கும் இதே மாதிரி வேண்டும் என்று மகன் வந்து நிற்கிறார். அந்த மெஷின் இல்லாவிட்டால் அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

பெட்டியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அதன் மெனு. ஸ்க்ரோல் லாக் கீயை அடுத்தடுத்து இரண்டு தட்டு தட்டினால் திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதை வரைவது கம்ப்யூட்டர் இல்லை, பெட்டியேதான். அதனால் எக்ஸ்பி நீலத் திரையில் செத்து நின்றாலும், டிசைன் மெஷின் விண்டோஸ் ஏறுவதற்கு முந்தைய பயோஸ் திரையில் இருந்தாலும் மெனு வந்துவிடும். எந்த கம்ப்யூட்டரிலும் ஒரு சாஃப்ட்வேரும் போட வேண்டாம்.

வாங்கும்போது மெனுவில் ஒன்றிலிருந்து எட்டு வரை வெறும் எண்கள்தான் இருந்தன. முதல் நாளே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். பன்னிரண்டு எழுத்துக்கு மேல் ஏற்காது, தமிழும் வராது. டிசைன், பிரிண்ட், டாலி, பழசு என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். மாற்றும்போதெல்லாம் அந்தப் பெயர் மூன்று விநாடி திரையில் தெரிந்து மறையும். முதலில் அது மேலே இடது மூலையில், சரியாக ஃபைல் மெனுவை மறைத்துக்கொண்டு நின்றது. செட்டிங்கில் போய் அம்புக்குறிக் கீயால் கீழே வலது மூலைக்குத் தள்ளினேன். அன்றிலிருந்து எந்த மெஷினில் இருக்கிறோம் என்று நான் தடுமாறியதே இல்லை. இந்த மூன்று விநாடிப் பெயர் எவ்வளவு பெரிய உதவி என்பது நாலு மெஷினிலும் ஒரே மாதிரி வெள்ளைப் பக்கம் திறந்திருக்கும்போதுதான் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கரண்ட் போய், கடையைத் திறக்கவே சில நாள் ஆனது. வந்து ஆன் செய்தபோது வைத்த பெயர்கள் அப்படியே இருந்தன. பெட்டி மேல் அன்று எனக்கு உண்மையான மரியாதை வந்தது.

சரி, இனி எஃப்6.

மெனுவுக்குள் இருக்கும்போது மேல் வரிசைக் கீகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. எஃப்7 அழுத்தினால் ஐந்து விநாடிக்கு ஒரு மெஷினாகத் தானே சுற்றிக் காட்டும். பிரிண்டர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று ஒரு கண் பார்க்க நான் அடிக்கடி தொடுவது அதைத்தான். அதற்குப் பக்கத்திலேயே எஃப்6, பிராட்காஸ்ட். அதைத் தொட்டால் நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்தில் போகும். சர்வர் அறையில் நாற்பது மெஷினை ஒன்றாக ஷட்டவுன் செய்கிறவர்களுக்கு அது வேண்டும். என் கடையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

போன தை மாதம், முகூர்த்த சீசன், இரவு ஒன்பது மணி இருக்கும். எஃப்7 என்று நினைத்து எஃப்6-ஐத் தட்டியிருக்கிறேன். பெட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் மாதிரி ஒரு குட்டி அடையாளம் வந்தது. ஏதோ சவுண்டு சமாசாரம் என்று விட்டுவிட்டேன். மவுஸும் சரியாக நகரவில்லை. பழைய மவுஸ்தானே என்று மேசையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, எக்ஸ்பியில் ஒரு பத்திரிகையை அடித்து முடித்தேன். நான் தமிழ் டைப்ரைட்டரில் யளனகப பழகி வந்தவன். டைப்ரைட்டர் முறையில் மகன் என்று அடித்தால் எக்ஸ்பியில் மகன் என்று விழும். மற்ற மெஷின்களில் அதே விரல்களுக்கு கே, எஃப், டி என்று ஆங்கிலம் விழும்.

மறுநாள் காலை கணக்குப் பார்க்கும் பெண், "அண்ணா, நேத்து போட்ட பில்லுல ஏதோ இங்கிலீஷ்ல ஓடுதே" என்றாள். திறந்து வைத்துப் போயிருந்த வவுச்சரின் விவரக் கட்டத்தில் போய் விழுந்து, நான் அடித்த என்டரில் சேவும் ஆகியிருக்கிறது. அதை ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டோம். டிசைன் மெஷினில் நடந்ததுதான் தாங்க முடியாதது. அங்கே ஒரு பள்ளியின் ஆண்டு மலர் திறந்திருந்தது. கர்சர் நின்ற இடத்தில், பிள்ளைகள் எழுதிய கட்டுரைக்கு நடுவே, அந்த எழுத்துக் குப்பை முழுசாக இறங்கிவிட்டது. நான் வேறு பக்கத்தில் வேலை பார்த்து, சேவ் செய்து, ப்ரூஃப் அனுப்பிவிட்டேன். தலைமையாசிரியை பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்துத் திருப்பி அனுப்பினார். பதினோரு வருஷமாக வரும் வேலை அது. அந்தக் கேள்விக்குறி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நியாயமாகப் பார்த்தால் பெட்டி சொன்னதைத்தான் செய்தது. அதற்கு வழியும் இருக்கிறது, கையேட்டில் ஒரே ஒரு வரியாக. வாங்கும்போது பாஸ்வேர்டு இல்லாமல் வருகிறது. சும்மா என்டர் தட்டினால் நம்மை அட்மினாக உள்ளே விடுகிறது. எஃப்6 அட்மினுக்கு மட்டும்தான். எஃப்4-க்குள் போய் சாதாரண யூசர் ஒன்றை உண்டாக்கி, நாலு போர்ட்டுக்கும் அனுமதி கொடுத்து, அந்தப் பெயரில் நுழைந்தால் எஃப்6 மெனுவிலேயே இருக்காது. செய்து முடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பது தெரிய வருவதற்குள் மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இவ்வளவு ஆபத்தான கீயைத் தொடும்போது "நிச்சயமா?" என்று ஒரு கேள்வி கேட்க வைப்பது அவர்களுக்கு எவ்வளவு நேர வேலை? எனக்குக் கோபம் அங்கேதான். நினைக்க நினைக்க இன்னும் வருகிறது.

அப்புறம் இன்னொன்று. நண்பர் கடையில் இருப்பது புது மாதிரிக் குட்டி கீபோர்டு. அதில் ஸ்க்ரோல் லாக் கீயே கிடையாது. கன்ட்ரோல் கீயை இரண்டு முறை தட்டினால் திறக்கும்படி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றுவதற்கே ஒரு தடவை மெனுவுக்குள் போயாக வேண்டும்.

என் பெட்டியை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் நண்பருக்கு என் பதில், வேண்டாம். அவர் கடையில் மூன்று பையன்கள் மாறி மாறி கீபோர்டில் உட்காருகிறார்கள். மலர் வேலையும் நிறைய எடுக்கிறார். மீறி வாங்கினால், பெட்டியை ராயப்பேட்டைக்குக் கொண்டு போகும் முன் என் கடைக்கு எடுத்து வரட்டும். ஸ்க்ரோல் லாக் உள்ள பழைய கீபோர்டு ஒன்று பரணில் இருக்கிறது. யூசரை உண்டாக்கிக் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.