எஸ்ஜிஐ ஓ2: வீட்டில் இயக்குவதற்கு ஏற்ற பழைய வொர்க்ஸ்டேஷன்

சிலிக்கான் கிராஃபிக்ஸ் (எஸ்ஜிஐ) நிறுவனம் 1996 அக்டோபரில் வெளியிட்ட ஓ2, அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கு மட்டுமான இயந்திரம் அன்று. யூனிக்ஸ் இயக்குதளத்தில் ஓடும், தொழில்முறைப் பணிகளுக்கான பழைய வொர்க்ஸ்டேஷன் கணினி ஒன்றை மேசையில் வைத்து நாள்தோறும் இயக்க விரும்புகிறவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இதைவிட வேகமான இயந்திரங்களை அதே நிறுவனம் செய்திருக்கிறது. இதைவிட உறுதியான உடல் கொண்டவற்றை மற்ற நிறுவனங்கள் செய்திருக்கின்றன. ஆயினும் இன்றைய வீட்டுச் சூழலோடு இவ்வளவு எளிதாகப் பொருந்திப்போகும் இன்னொன்று அந்தத் தலைமுறையில் அரிது.

இதற்கு முதற்காரணம் இணைப்புகள். அக்கால வொர்க்ஸ்டேஷன்களில் பல, திரைக்கு 13டபிள்யூ3 என்னும் இணைப்பானைப் பயன்படுத்தின. அதற்குத் தனி அடாப்டரும், பச்சை நிற சிக்னலோடு கலந்து வரும் ஒத்திசைவைப் புரிந்துகொள்ளும் மானிட்டரும் தேவைப்படும். இவற்றைத் தேடியே ஆர்வம் வடிந்துபோனவர்கள் உண்டு. ஓ2-வின் பின்புறத்தில் இருப்பதோ வழக்கமான 15 முள் விஜிஏ, பிஎஸ்/2 விசைப்பலகை, மவுஸ் இணைப்புகள், 100 மெகாபிட் ஈதர்நெட் ஆகியவை. இதே நிறுவனம் இதற்கு முன் வெளியிட்ட இண்டியில் 10 மெகாபிட் ஈதர்நெட்டே இருந்தது. 1997-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஆக்டேன் வலிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எடை, இரைச்சல், மின்செலவு மூன்றும் அதில் அதிகம், திரை இணைப்பும் அதே பழைய 13டபிள்யூ3 தான்.

இந்த இயந்திரத்தின் உயிர்நாடி அதன் நினைவக அமைப்பு. அன்றைய வடிவமைப்புகளில் கிராஃபிக்ஸ் அட்டைக்கெனத் தனி நினைவகம் இருக்கும். படமோ வீடியோவோ திரையில் தோன்ற வேண்டுமானால் முதன்மை நினைவகத்திலிருந்து அங்கே நகலெடுக்கப்பட வேண்டும். ஓ2-வில் செயலி, கிராஃபிக்ஸ், வீடியோ, படச்சுருக்கச் சிப் ஆகிய அனைத்தும் நொடிக்கு 2.1 ஜிகாபைட் அலைவரிசை கொண்ட ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கேமராவிலிருந்து வரும் வீடியோ நினைவகத்தில் வந்து விழுந்த அதே இடத்திலிருந்து, ஒரு முப்பரிமாண உருவத்தின் மேற்பரப்பாகத் திரையில் வரையப்படுகிறது. இடையில் நகலெடுப்பு இல்லை. தொடக்ககால ஆக்டேன் அட்டைகளில் டெக்ஸ்சருக்கு (உருவங்களின் மேற்பரப்பில் போர்த்தப்படும் படங்களுக்கு) அதிகபட்சம் 4 மெகாபைட்தான் கிடைத்தது என்பதோடு ஒப்பிட்டால், முதன்மை நினைவகம் எவ்வளவோ அவ்வளவுக்கு டெக்ஸ்சர் வைத்துக்கொள்ள இடம் தந்த ஓ2-வின் துணிச்சல் புரியும். இன்று நம் கைப்பேசிச் சிப்புகள் செயலிக்கும் கிராஃபிக்ஸுக்கும் ஒரே நினைவகத்தைத்தான் தருகின்றன. அந்த எண்ணம் இருபதாம் நூற்றாண்டிலேயே ஒரு மேசைக் கணினியில் முழுமையாக வேலை செய்ததை நேரில் இயக்கிப் பார்ப்பது எனக்கு இன்றும் பெருமகிழ்ச்சி தருகிறது.

இதற்கு விலையும் உண்டு. திரைக்கான இடமும் அதே நினைவகத்திலிருந்தே எடுக்கப்படுவதால், 64 மெகாபைட்டோடு கிடைக்கும் ஓ2 மூச்சுத் திணறும். 256 மெகாபைட்டாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எட்டு இடங்களையும் நிரப்பினால் 1 ஜிகாபைட் வரை போகலாம். ஆனால் இதற்கு வேண்டியது 239 முள் கொண்ட தனி வகை நினைவகம். சாதாரணக் கணினியிலிருந்து கழற்றியதைப் பொருத்த முடியாது, ஜோடி ஜோடியாகவே பொருத்தவும் வேண்டும். மேலும், முப்பரிமாணக் காட்சியின் வடிவக் கணக்குகளைச் செயலியே செய்வதால், பல்லாயிரம் பலகோணங்கள் கொண்ட மாதிரிகளைச் சுழற்றும்போது இயந்திரம் தளர்வது கண்கூடு.

எனவே எந்தச் செயலியோடு வாங்குவது என்பதைச் சற்று யோசித்தே முடிவு செய்ய வேண்டும். ஆர்5000 வரிசை ஒன்று, ஆர்10000, ஆர்12000 வரிசை மற்றொன்று. பின்னது கணக்கீட்டில் தெளிவாக முந்துகிறது. ஆனால் அதன் செயலித் தொகுதி உயரமானது, இரண்டாவது ஹார்ட் டிஸ்குக்கான இடத்தை அது விழுங்கிவிடுகிறது. லினக்ஸ் இயக்க விரும்புகிறவருக்கு இன்னொரு தடை உண்டு. ஆர்10000 செயலி, தேவைப்படும் என்று ஊகித்துக் கட்டளைகளை முன்கூட்டியே செயல்படுத்தும் இயல்புடையது. சாதனங்கள் நினைவகத்தில் எழுதுவதை ஓ2-வின் கேஷ் (செயலியின் தற்காலிக நினைவகம்) தானாக அறிந்துகொள்வதில்லை. இவ்விரண்டும் சேரும்போது தரவு சிதைய வாய்ப்பிருக்கிறது. எஸ்ஜிஐயின் சொந்த யூனிக்ஸ் இயக்குதளமான ஐரிக்ஸ் இதற்கெனத் தனி ஏற்பாடுகளோடு வந்தது; லினக்ஸில் ஆர்5000 வகை ஓ2-க்களுக்கே ஆதரவு கிடைத்தது. என்னைக் கேட்டால், வேகம் ஒன்றே குறிக்கோளாக இல்லாதவருக்கு 300 மெகாஹெர்ட்ஸ் ஆர்5000 வகையே நிறைவான தேர்வு.

உடலமைப்பைப் பொறுத்தவரை புகழவும் வருந்தவும் காரணங்கள் உள்ளன. மதர்போர்டு முழுவதையும் ஒரு தட்டோடு பின்புறமாக இழுத்து வெளியே எடுத்துவிடலாம். அந்த எளிமை எந்தக் காலத்திலும் பாராட்டத்தக்கது. ஆனால் அந்த நீல நிற பிளாஸ்டிக் கூடு காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைந்துவிட்டது. முன்புறக் கதவும் சிறு கொக்கிகளும் லேசாக அழுத்தினாலே முறியக்கூடியவை. ஆகவே தொலைவிலிருந்து அனுப்பிப் பெறும்போது நன்றாகப் பொதியச் சொல்வது கட்டாயம். கடிகாரச் சிப்பின் உள்ளேயே பேட்டரி புதைந்திருப்பதால், அது தீர்ந்தபின் தேதி நிலைக்காது. சிப்பையே மாற்ற வேண்டும். ஸ்கஸி என்னும் பழைய இணைப்பு வகையைச் சேர்ந்த 80 முள் ஹார்ட் டிஸ்க்குகள் வயதாகிவிட்டன, இரைச்சலும் அவற்றிலிருந்தே மிகுதியாக வருகிறது. எஸ்டி அட்டையை ஸ்கஸி டிஸ்காகக் காட்டும் சிறு பலகைகளை அடாப்டரோடு பொருத்திக்கொண்டால், மாற்று வேகம் குறைந்தாலும் அமைதியும் நம்பகத்தன்மையும் கிடைக்கின்றன. இந்த மாற்றத்தை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

மென்பொருளுக்கு வருவோம். இண்டி போன்ற முந்தைய இயந்திரங்களுக்கு ஐரிக்ஸ் 6.5.22-உடன் ஆதரவு நின்றுவிட்டது. ஓ2-விலோ 2006 ஆகஸ்டில் வந்த கடைசிப் பதிப்பான 6.5.30 வரை இயங்கும். நிறுவும் வேலைக்குப் பொறுமை வேண்டும். அடிப்படை வட்டுகளும், அவற்றின் மேல் நிறுவப்படும் புதுப்பிப்பு வட்டுகளும் சேர்ந்தே தேவை. இரண்டிற்கும் இடையே எழும் முரண்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துவைக்கவும் வேண்டும். வலையமைப்பு வழியாக நிறுவுவது வசதியானது. லினக்ஸ் சர்வர் ஒன்றிலிருந்து அப்படிச் செய்யும்போது ஓ2 கோப்பைப் பெறாமல் பாதியில் நின்றால், சர்வர் தேர்ந்தெடுக்கும் போர்ட் எண்களின் மேல் எல்லையை 32767-க்குக் கட்டுப்படுத்திப் பாருங்கள். இந்நிறுவனத்தின் பழைய துவக்க மென்பொருள் அதைவிடப் பெரிய எண்ணில் தடுமாறுவது நெடுநாளாக அறியப்பட்ட ஒன்று. நிறுவி முடித்தபின் திரையில் விரியும் டெஸ்க்டாப், எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் சிதையாத கோட்டுருவ ஐகான்களோடு இன்றும் அழகாகவே இருக்கிறது. கோப்புகளைத் தாங்கி நிற்பது எக்ஸ்எஃப்எஸ். இன்று லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும் அந்தக் கோப்பு முறைமையின் பிறப்பிடம் ஐரிக்ஸ்தான்.

ஐரிக்ஸுக்கான நிறுவன ஆதரவு 2013 டிசம்பரோடு முடிந்தது; அதன்பின் கண்டறியப்பட்ட எந்த ஓட்டைக்கும் திருத்தம் வராது. போதாக்குறைக்கு, கடவுச்சொல்லே இல்லாத பயனர் கணக்குகளும் தொடக்கத்திலிருந்தே இதில் உண்டு. அவற்றை முதல் வேலையாக முடக்கிவிட்டு, டெல்நெட் போன்ற பாதுகாப்பற்ற தொலை அணுகல் சேவைகளை நிறுத்தி, இணையத்திற்கு நேரடி வழியில்லாத தனி வலையமைப்பில் மட்டுமே இதை இணைக்க வேண்டும். கோப்புகளைப் பரிமாற அதே தனி வலையில் என்எஃப்எஸ் என்னும் கோப்புப் பகிர்வு முறையில் இயங்கும் ஒரு சிறு சர்வர் போதுமானது.

நவீன உலாவியையோ மின்னஞ்சலையோ எதிர்பார்ப்பவருக்கு இது ஏற்றதன்று. யூனிக்ஸ் சூழல் மட்டுமே வேண்டும், கிராஃபிக்ஸில் நாட்டமில்லை என்போருக்கு 1998-இல் வந்த சன் அல்ட்ரா 5 சிக்கனமான மாற்று. சாதாரண ஐடிஇ டிஸ்க் அதற்குப் போதும், சன் நிறுவனத்தின் யூனிக்ஸான சோலாரிஸ் 10 வரை இயங்கும். ஐரிக்ஸ் எப்படியிருக்கும் என்று பார்த்தால் மட்டும் போதும் என்றால், பழைய இயந்திரங்களை இன்றைய கணினியில் மென்பொருளாகவே இயக்கிக் காட்டும் மேம் எமுலேட்டரில் இண்டியை இயக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

வாங்குவதென்று முடிவெடுத்தவர், விற்பவரிடம் நான்கு விவரங்களைக் கேட்டுப் பெற வேண்டும்: துவக்கத் திரையில் வன்பொருள் பட்டியல் தெரியும் படம், நினைவகத்தின் அளவு, கதவும் கொக்கிகளும் முறியாமல் இருப்பதைக் காட்டும் படங்கள், ஹார்ட் டிஸ்கைத் தாங்கும் சட்டம் கூடவே வருகிறதா என்ற உறுதி. டிஸ்கை எளிதில் மாற்றிவிடலாம். அந்தச் சட்டம் தொலைந்த இயந்திரத்திற்குத் தனியாக ஒன்றைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு.