கால்டன் பாலம்: மேலிருந்து அல்ல, கீழிருந்து பார்க்க வேண்டியது

இங்கிலாந்தில் பர்மிங்காமை அடுத்த ஸ்மெத்விக்கில், பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு ஆழமாக வெட்டிய புதிய கால்வாய்த்தடத்தின் மேல் 1829-இல் கட்டப்பட்ட கால்டன் வார்ப்பிரும்புப் பாலத்தைக் காண நுழைவுக்கட்டணம் கிடையாது. பாலத்தின் பெயரையே தாங்கிய இரயில் நிலையம் அருகில் இருப்பதால், வந்து சேர்வதும் எளிது.

பாலத்தின் மேல் நடந்துவிட்டு மட்டும் திரும்புபவர்கள் அதன் சிறப்பில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் படகிழுக்கும் குதிரைகள் நடந்த கரைப்பாதையில் இறங்கி நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான், ஹார்ஸ்லி இரும்பாலையில் வார்க்கப்பட்ட வளைவுகள் ஏறத்தாழ 46 மீட்டர் இடைவெளியை நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் தாண்டிச் செல்வது விளங்குகிறது. பக்கவாட்டுச் சட்டங்களின் குறுக்குப் பின்னல் வானத்தின் பின்னணியில் சரிகை வேலைப்பாடுபோல் தெரிகிறது. இத்தனை எடையுள்ள இரும்பு இவ்வளவு இலேசாகத் தோன்றுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கால்வாயின் நடுவே அல்லது கரையோரம் தூண் ஊன்றியிருந்தால் படகுகளுக்கு இடைஞ்சலாகியிருக்கும் என்பதையும் அங்கே நின்றால் உணரலாம்.

1970-களில் வாகனங்களுக்குப் புதிய சாலை அமைந்தபின், பாலம் நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் உரியதாகிவிட்டது. அந்தச் சாலைக்காகக் கால்வாயின் மேல் எழுப்பப்பட்ட கான்கிரீட் சுரங்கம் ஒரு பக்கக் காட்சியைக் கெடுப்பதுதான் என் ஒரே மனக்குறை. மழைக்குப்பின் கரைப்பாதை வழுக்கும். நல்ல காலணி அணிந்து செல்லுங்கள்.