பள்ளத்தாக்கு இறக்கத்துக்கு எந்த ட்ரெக்கிங் போல் (நடைக்கோல்)?

மேட்டைத் தாண்டி உள்காட்டுப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதையில் முட்டிக்கு இரண்டு முறை சோதனை: போகும்போது ஓர் இறக்கம், திரும்பும்போது இன்னொன்று. அதிலும் முதல் இறக்கம் முதுகில் முழுச் சுமையோடு. இந்த மாதிரிப் பாதைக்கு, ஒன்றுக்குள் ஒன்று சுருங்கும் மூன்று துண்டு அலுமினியக் கோல் ஜோடியையே வாங்கச் சொல்வோம். எடை கொஞ்சம் கூடத்தான். ஜோடி அரைக் கிலோ சுமார் வரும். பரவாயில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, நீட்டிய துண்டுகளை நகராமல் பிடிக்கும் பூட்டு. திருகுப் பூட்டில் குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் கூம்பு விரிந்து உள்சுவரைக் கவ்வும். மழைநீரும் மண்துகளும் உள்ளே போனால் அந்தப் பிடி தளரும். செங்குத்தான இறக்கத்தில் உடல் எடையைச் சாய்க்கும் அதே நொடியில் கோல் சரசரவென்று உள்ளே இறங்கிவிடும். மடக்கி அழுத்தும் லீவர் பூட்டு வெளியில் இருப்பதால் அழுக்கு தெரியும், துடைக்கலாம். தளர்ந்தால் பக்கத்துத் திருகைக் கால் சுற்று முடுக்கினால் போதும். அதிகம் முடுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். கடையிலேயே பூட்டி, தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் முழு எடையைப் போட்டு அழுத்திப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் வேண்டாம்.

கார்பன் இழைக் கோல் ஏன் வேண்டாம் என்கிறோம்? நேராக ஊன்றும் வரை அது பலசாலிதான். காட்டுப் பாதையில் முனை வேர்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே மாட்டி, பக்கவாட்டில் வளையும். பாறை உரசிய கீறல் இருந்தால் கார்பன் அங்கேயே படக்கென்று ஒடியும். அலுமினியம் பெரும்பாலும் வளைவதோடு நின்றுவிடும். மெல்ல நிமிர்த்தி நடையை முடிக்கலாம்.

சமதரையில் முழங்கை 90 டிகிரி மடங்கும் உயரம் சரி. ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறையுங்கள், இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். கீழ்த் துண்டை ஓர் அளவில் நிறுத்திவிட்டு மேல் பூட்டில் மட்டும் மாற்றினால் குனிய வேண்டியதில்லை. குழாயில் ‘ஸ்டாப்’ என்று போட்ட கோட்டைத் தாண்டி இழுத்தால், துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நிற்கும் நீளம் போதாமல் இணைப்பில் வளையும்.

கைப்பிடியில் தொங்கும் வாருக்குள் கையைக் கீழிருந்து விட்டு, வாரையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடியுங்கள். எடை மணிக்கட்டு வழியாக வாரில் இறங்கும்; விரல் வலிக்காது. ஆனால் வேர் அடர்ந்த இடத்திலும் ஓடையைக் கடக்கும்போதும் கையை வெளியே எடுத்துவிட வேண்டும். மாட்டிய கோல் மணிக்கட்டையும் முறித்துவிடும்.

கைப்பிடிக்குக் கார்க் நல்லது, வியர்வையில் வழுக்காது. முனை டங்ஸ்டன் கார்பைடாக (சீக்கிரம் தேயாத கடினப் பொருள்) இருக்கட்டும். முனையில் மாட்டிய ரப்பர் தொப்பியைக் காட்டுக்குள் கழற்றிப் பைக்குள் போடுங்கள், இல்லையென்றால் சேறு உருவிக்கொள்ளும். முனைக்குச் சற்று மேலே இருக்கும் சின்னத் தட்டைக் கழற்றாதீர்கள். சருகுக்கு அடியில் பொந்து இருந்தால் கோல் முழுசாக உள்ளே போகாமல் அதுதான் தடுக்கும்.

குறையும் உண்டு. சுருக்கினாலும் 60 செ.மீ.க்கு மேல் நிற்கும். பையின் பக்கத்தில் செருகினால் தாழ்ந்த கிளைகளில் மாட்டும். லீவரும் புதரில் சிக்கித் திறந்துகொள்வதுண்டு.

நடை முடிந்ததும் மூன்று துண்டையும் பிரித்து, துடைத்து, ஒரு இரவு காயவிடுங்கள். ஈரத்தோடு சுருக்கி வைத்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்துத் துண்டுகள் இறுகிவிடும். அதற்காக எண்ணெய் போடாதீர்கள். பூட்டு கவ்வ வேண்டிய இடமே அப்புறம் வழுக்கும்.